ஐ.பி.எஸ் உணவுமுறையில் ஸ்நக் பார்: இந்த நாலு லேபலில் எதை எடுக்கலாம்?

காலிவீதி_06 கேட்டது:

வணக்கம். ஐ.பி.எஸ் (குடல் எரிச்சல் நோய்) என்று டொக்டர் உறுதிசெய்த பிறகு உணவு ஆலோசகர் நாலு கிழமைக்குக் குறை-ஃபொட்மெப் உணவுமுறை தந்திருக்கிறார், அதாவது குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் புளிக்கும் மாச்சத்துகளைக் குறைக்கும் முறை. இது இரண்டாம் கிழமை. வீட்டுச் சாப்பாட்டில் குழப்பமில்லை: சோறு, இடியப்பம், முட்டை, மீன், கரட், உள்ளி வெங்காயம் போடாத கறி. வேலை கொழும்புக் கோட்டையில். காலைச் சாப்பாடு 6.30க்கு, மத்தியானச் சாப்பாடு 2 மணிக்கு. இடையில் 10.30 அளவில் கைப்பையிலிருந்து எடுத்துச் சாப்பிட ஏதாவது வேண்டும். 100ஆம் இலக்க பஸ்ஸில் நசிபட்டாலும் பழுதாகாத சாமானாக இருக்க வேண்டும்.

வெள்ளவத்தைக் கடைகளில் பார்த்த நாலு பாரின் லேபலை உள்ளபடியே எழுதுகிறேன்.

பார் 1, 40 கிராம், "உயர் நார்ச்சத்து": ஓட்ஸ், சிக்கரி வேர் நார், தேன், பாதாம், அரிசிப் பொரி, கறுப்பு சொக்லேட், உப்பு. நார்ச்சத்து 9 கிராம், சீனி 7 கிராம்.

பார் 2, 60 கிராம், "புரோட்டீன், சீனி சேர்க்கப்படாதது": வே புரோட்டீன் கொன்சன்ட்ரேட், மோல்டிட்டோல், கொக்கோ, சோயாப் புரதம், தாவர எண்ணெய். சீனி 2 கிராம், பொலியோல் 16 கிராம். சீனிக்குப் பச்சை வட்டம்.

பார் 3, 45 கிராம், "குளுட்டன் இல்லை, மூன்றே பொருள்": பேரீச்சம்பழம் 60%, கஜு 30%, கொக்கோ.

பார் 4, 30 கிராம், உள்ளூர்ச் சாமான்: கச்சான் 50%, சீனி, எள்ளு, குளுக்கோஸ் சிரப், உப்பு. சீனிக்குச் சிவப்பு வட்டம்.

எதை எடுக்கலாம்? பச்சை வட்டம் உள்ளதைப் பார்த்து எடுப்பதுதான் முறையா? குளுட்டன் இல்லை என்றால் அது போதுமா?

உணவுக்கணக்கு பதில்:

பார் 4ஐ எடுங்கள், ஒன்று மட்டும். மற்ற மூன்றையும் இந்த நாலு கிழமைக்குத் தொட வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன். அது தெரிந்தால் ஐந்தாவது பாரை நீங்களே தெரிவு செய்து விடுவீர்கள்.

முதலில் அந்த வட்டம். சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டங்கள் சீனி, உப்பு, கொழுப்பு மூன்றையும் பற்றித்தான் பேசும். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பயனுள்ள ஏற்பாடு. ஆனால் ஐ.பி.எஸ் குடலுக்குச் சாதாரண வெள்ளைச் சீனி எதிரியே இல்லை. சீனி என்பது சுக்ரோஸ்: பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். இரண்டும் சம அளவில் வரும்போது சிறுகுடல் அவற்றை நன்றாக உறிஞ்சிவிடும், பெருங்குடலில் பக்டீரியாக்களுக்குப் புளிக்க மிச்சம் வராது. சீனியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கம்பனி எதைப் போட்டது என்பதுதான் உங்களுக்குப் பிரச்சினை. பச்சை வட்டம் உள்ள பார் 2 தான் இந்த நாலிலும் மோசமானது.

பார் 2இல் பொலியோல் 16 கிராம். பொலியோல் என்பது சீனிக்குப் பதிலாகப் போடும் ஒரு வகை இனிப்பூட்டி, மோல்டிட்டோல் அதில் ஒன்று. மெல்பனிலுள்ள மொனாஷ் பல்கலைக்கழகத்தார்தான் ஃபொட்மெப் முறையை உருவாக்கியவர்கள். அவர்களின் அளவுகோலில் ஒரு வேளைச் சாப்பாட்டில் பொலியோல்கள் எல்லாம் சேர்ந்து 0.4 கிராமுக்குக் கீழ் இருந்தால்தான் "குறை" என்று பெயர். இங்கே அதைப்போல் 40 மடங்கு. மோல்டிட்டோலில் ஒரு பகுதி உடைந்து உறிஞ்சப்படும். மீதி குடலுக்குள் தண்ணீரை இழுத்து வைத்துக்கொண்டு கீழே இறங்கும். பாரின் நிறையில் 10%க்கு மேல் பொலியோல் சேர்த்தால், அதிகம் சாப்பிட்டால் வயிற்றோட்டம் வரலாம் என்ற எச்சரிக்கையை லேபலில் போட வேண்டும் என்பது ஐரோப்பியச் சட்டம். உங்கள் பாரில் 27% இருக்கிறது. பின்பக்கத்துச் சிறிய எழுத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். வே என்பது பாலிலிருந்து எடுக்கும் புரதம், அதன் கொன்சன்ட்ரேட்டில் பாலின் சீனியான லக்டோஸும் உண்டு, 20 கிராமில் ஒரு கிராம் அளவில். அது தனியாக வந்தால் எல்லைக்கோட்டில் நிற்கும். மோல்டிட்டோலுக்குப் பக்கத்தில் வைத்தால் அது பெரிய விஷயமில்லை.

பொலியோல்கள் பெயராகவும் வரும், இலக்கமாகவும் வரும். சோர்பிட்டோல் ஈ 420, மனிட்டோல் ஈ 421, ஐசோமோல்ட் ஈ 953, மோல்டிட்டோல் ஈ 965, லக்டிட்டோல் ஈ 966, சைலிட்டோல் ஈ 967. இதில் ஏதாவது ஒன்று பட்டியலின் முதல் ஐந்துக்குள் நின்றால் வைத்துவிடுங்கள். 420, 421க்குப் பக்கத்து இலக்கமான 422 கிளிசரின். பார் காயாமல் இருக்கப் போடுவது. அது நன்றாக உறிஞ்சப்படும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

பார் 1 பலரும் ஏமாறும் இடம். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 40 கிராம் பாரில் ஓட்ஸ் 12 கிராம் என்று வைத்தால் அதிலிருந்து நார்ச்சத்து 1.2 கிராம். பாதாம் 6 கிராமில் 0.7. சொக்லேட்டிலிருந்து 0.4. அரிசிப் பொரியில் கணக்கில் எடுக்க ஒன்றுமில்லை. எல்லாம் கூட்டினால் இரண்டரையைத் தாண்டாது. லேபலில் 9 என்று இருக்கிறது. மீதி ஆறரை கிராம் எங்கிருந்து வந்தது? இரண்டாவதாக நிற்கும் சிக்கரி வேர் நாரிலிருந்து. அதன் இன்னொரு பெயர் இனுலின். இனுலின் என்பது ஃபிரக்டன், ஃபிரக்டோஸைச் சங்கிலியாகக் கோத்த மாச்சத்து. வெங்காயத்தையும் உள்ளியையும் எதற்காக நிறுத்தினீர்களோ, அதே சரக்கு. தானியத்துக்கும் பருப்பு வகைக்கும் மொனாஷ் வைத்திருக்கும் ஒலிகோசக்கரைட் (ஃபிரக்டனும் அதையொத்த குட்டைச் சங்கிலி மாச்சத்துகளும்) எல்லை ஒரு வேளைக்கு 0.3 கிராம். இந்த ஒரு பாரில் அதைப்போல் இருபது மடங்கு. கறியிலிருந்து வெங்காயத்தைப் பொறுக்கி எடுத்துவிட்டு 10.30க்கு இதைச் சாப்பிட்டால் காலை முழுக்கப் பட்ட பாடு வீண்.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஓட்ஸும் கொட்டைகளும் சேர்ந்த 40 கிராம் பாரில் இயல்பாக வரக்கூடிய நார்ச்சத்து 2 முதல் 4 கிராம். 7, 8, 10 என்று போட்டிருந்தால் வெளியிலிருந்து நார் சேர்த்திருக்கிறார்கள். இனுலின், ஒலிகோஃபிரக்டோஸ், ஃபிரக்டோ-ஒலிகோசக்கரைட், சிக்கரி சாறு, "பிரிபயோட்டிக் நார்" என்று எந்தப் பெயரில் வந்தாலும் உங்களுக்கு இப்போது ஒன்றுதான்.

பார் 3இல் ஏமாற்று ஒன்றும் இல்லை. பேரீச்சம்பழம், கஜு இரண்டும் நல்ல சாப்பாடு. ஆனால் 27 கிராம் பேரீச்சம்பழத்தில் ஃபிரக்டன் ஏறிவிடும். கஜுவில் ஃபிரக்டனும், பருப்பு வகைகளில் இருக்கும் கலக்டோ-ஒலிகோசக்கரைட்டும் சேர்ந்தே இருக்கும். தண்ணீர் வற்றிய பழம் என்றாலே ஃபொட்மெப் சின்ன இடத்துக்குள் செறிந்து நிற்கும். குளுட்டன் இல்லை என்பது, குளுட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயாளிக்கு உயிர்காக்கும் தகவல். குளுட்டன் கோதுமையில் உள்ள ஒரு புரதம், ஃபொட்மெப் எல்லாம் மாச்சத்து. ஒன்று இல்லை என்பதால் மற்றது இல்லை என்று ஆகாது. குளுட்டன் நீக்கிய பார்களில் கோதுமைக்குப் பதிலாகத் தேனும் பேரீச்சையும் கஜுவும் ஏறி உட்காருவதைத்தான் கூடுதலாகக் காணலாம்.

பார் 4: கச்சான் 15 கிராம், எள்ளு, சீனி, குளுக்கோஸ் சிரப். ஒன்றிலும் பிழையில்லை. கச்சான் 28 கிராம் வரை குறை-ஃபொட்மெப் என்றே கணக்கு. பக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, கடைசியில் பால்மா அல்லது தேன் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்பதை மட்டும் உறுதிசெய்யுங்கள்.

தெஹிவளை_மாடிவீடு பதில்:

பாதாம் பார் எல்லாவற்றையும் இந்தக் கணக்கில் தள்ள வேண்டுமா? பாதாம் 10 பருப்பு வரை சரி என்றுதான் மொனாஷ் பட்டியல். பார் 1இல் 6 கிராம் என்றால் ஐந்து பருப்புக்கூட வராதே.

உணவுக்கணக்கு பதில்:

சரியான கேள்வி. பார் 1இல் பாதாமுக்கு நான் குற்றம் சொல்லவில்லை, குற்றவாளி சிக்கரி. பாதாம் 10 பருப்பு, அதாவது 12 கிராம் அளவில், குறை-ஃபொட்மெப். 20 ஆனால் கூடிவிடும். வால்நட், மகடேமியா, பூசணி விதை, கச்சான் நல்லவை. கஜுவும் பிஸ்தாவும் இந்தக் கட்டத்தில் வேண்டாம். தேனும் அதுபோலத்தான்: ஒரு தேக்கரண்டி தாங்கும், ஆனால் பட்டியலில் மூன்றாவது இடத்தில் நிற்கும் தேன் ஒரு தேக்கரண்டியோடு நிற்பது அரிது. லேபலில் பொருட்கள் நிறை கூடியதிலிருந்து குறைந்ததற்கு வரிசையாக வரும். ஆகவே என்ன இருக்கிறது என்பதோடு எத்தனையாவதாக இருக்கிறது என்பதையும் பாருங்கள்.

ஓட்ஸிலும் ஒரு நுணுக்கம். முழுதாகத் தட்டிய ஓட்ஸ் 52 கிராம் வரை சரி, உடனே கரையும் குயிக் ஓட்ஸ் 23 கிராம்தான். பாருக்குள் 15 கிராம் அளவில் இருப்பதால் இரண்டும் தப்பும். காலையில் ஓட்ஸ் கஞ்சியும் குடித்து ஒரு மணித்தியாலத்தில் ஓட்ஸ் பாரும் சாப்பிட்டால் கூட்டிப் பார்க்க வேண்டும்.

புரோட்டீன் பார் வேண்டும் என்பவர்களுக்கு: வே ஐசொலேட்டில் லக்டோஸ் மிகக் குறைவு, கொன்சன்ட்ரேட்டில் உண்டு. சோயாவும் இரண்டு விதம். சோயாப் புரத ஐசொலேட்டில் மாச்சத்தைக் கழுவி எடுத்துவிடுவார்கள். சோயா மாவில் கலக்டோ-ஒலிகோசக்கரைட் அப்படியே நிற்கும். சோயாவும் பயறும் கௌபியும் அரைத்துச் சேர்த்த சத்துமாவை உருட்டிச் செய்யும் பார்களுக்கும் இதுதான் கதை. பிள்ளைகளுக்கு அருமையான சாப்பாடு, இந்த நாலு கிழமைக் கட்டுப்பாட்டுக் கட்டத்தில் இருக்கும் ஐ.பி.எஸ்காரருக்கு இல்லை.

மருந்துச்சீட்டு பதில்:

தங்கச்சி, நீங்கள் ஒன்றை எழுதவில்லை. 10.30க்குப் பாரோடு என்ன குடிக்கிறீர்கள்?

கேட்பதற்குக் காரணம் உண்டு. ஒவ்வீஸில் 10.30 என்றால் பால்மா போட்ட தேத்தண்ணி. முழு ஆடைப் பால்மாவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் லக்டோஸ். இரண்டு மேசைக்கரண்டி, சுமார் 15 கிராம், போட்டால் ஐந்தரை கிராம் லக்டோஸ் வந்துவிடும். மொனாஷ் எல்லை ஒரு வேளைக்கு ஒரு கிராம். லக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களில் பலர் இதைவிடக் கூடவும் தாங்குவார்கள், ஆனால் கட்டுப்பாட்டுக் கட்டத்தில் அதைச் சோதிக்கக் கூடாது. நல்ல பாரைத் தேடி எடுத்துச் சாப்பிட்டும் வயிறு ஊதினால் பழியைப் பாருக்குப் போடாமல் கோப்பையைப் பாருங்கள். வெறும் தேத்தண்ணி, இஞ்சி போட்டது, இரண்டும் நல்லது. தேத்தண்ணியைக் கனநேரம் சாயம் ஏற விட வேண்டாம்.

நேரத்தைக் குறித்து வைப்பது நல்ல பழக்கம். ஃபிரக்டோஸும் பொலியோலும் சிறுகுடலிலேயே தண்ணீரை இழுக்கத் தொடங்கும், ஆகவே ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் இரைச்சலும் அவசரமும் தெரியலாம். ஃபிரக்டன் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்க வேண்டும். 10.30க்குச் சாப்பிட்டது பின்னேரம் 4 மணிக்குப் பொருமலாக வரும், சிலருக்கு அடுத்த நாளும் இழுக்கும். இது தெரியாமல் 2 மணிக்குச் சாப்பிட்ட சோறும் கறியும்தான் காரணம் என்று நினைத்து, பிழையில்லாத சாப்பாட்டை நிறுத்திவிட்டு சிக்கரி பாரைத் தொடர்ந்து சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். கொப்பியில் மூன்று பத்தி போதும்: என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு. எதிர்ப்பக்கத்தில் வயிற்று நிலை. ஒவ்வொரு அறிகுறிக்கும் எட்டு மணித்தியாலம் பின்னோக்கிப் பாருங்கள்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். டொக்டர் பார்க்காமல் இந்த உணவுமுறையைத் தொடங்க வேண்டாம். மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் நிறை குறைதல், இரத்தச்சோகை, இரவு நித்திரையைக் கலைக்கும் வயிற்றோட்டம், 50 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய மாற்றம், குடும்பத்தில் குடல் புற்றுநோய்: இதில் ஒன்று இருந்தாலும் பாரை விட்டுவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள். சீலியாக்குக்கான இரத்தப் பரிசோதனையைக் கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே செய்ய வேண்டும். நிறுத்திய பிறகு செய்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம்.

மலச்சிக்கல் வகை ஐ.பி.எஸ் உள்ளவர்கள் நார் வேண்டுமே என்று உயர் நார்ச்சத்து பாரைத் தேடிப் போவார்கள். அவர்களுக்கு இசப்கோல் என்ற விதையுமி நார் நல்லது. அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் புளிக்கும், இனுலின்போல் சட்டென்று வாயுவாக மாறாது. ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, ஒரு கிளாஸ் தண்ணீரோடு, கலந்தவுடனே குடிக்க வேண்டும். பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2008இல் வெளியிட்ட ஐ.பி.எஸ் வழிகாட்டலில், வாயுவும் பொருமலும் உள்ளவர்களுக்கு ஓட்ஸும், நாளொன்றுக்கு ஒரு மேசைக்கரண்டி வரை ஆளி விதையும் உதவலாம் என்று இருக்கிறது. வயிற்றோட்டம் உள்ளவர்கள் சோர்பிட்டோலைத் தவிர்க்க வேண்டும் என்றும் அதே வழிகாட்டல் சொல்கிறது. சீனி போடாத சூயிங்கமும் இருமல் மருந்துப் பாணியும் சோர்பிட்டோல் வரும் வழிகள், இவற்றை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அடுப்படி பதில்:

லேபலோடு மல்லுக்கட்டத் தேவையில்லை, வீட்டிலே செய்யுங்கோ. 14 துண்டு வரும், ஒரு துண்டு 44 கிராம் அளவில். கணக்கு என்னெண்டால்:

தட்டிய ஓட்ஸ் 200 கிராம் (குயிக் ஓட்ஸ் வேண்டாம்), வறுத்துத் தோல் நீக்கி ஒன்றிரண்டாக இடிச்ச கச்சான் 120, எள்ளு 40, பூசணி விதை 40, சீனியோ தேனோ கலக்காத கச்சான் பட்டர் 60, பனங்கட்டி 130, தேங்காய் எண்ணெய் 25, தண்ணி 3 மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. விருப்பமெண்டால் வேர்க்கொம்புத் தூள் கால் தேக்கரண்டி.

பனங்கட்டி இல்லாட்டி கித்துள் கருப்பட்டி, அதுவும் இல்லாட்டி சிவப்புச் சீனி. எல்லாத்திலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான். தேனும் பேரீச்சம்பழமும் போட்டு இறுக்கிற முறை எல்லா இடமும் கிடைக்கும், அதை எடுத்திட வேண்டாம்.

கச்சான் வாங்கேக்க கவனம். சுருங்கினது, கறுத்தது, பூஞ்சணம் பிடிச்சது எல்லாத்தையும் பொறுக்கி எறியுங்கோ. பூஞ்சணத்து நஞ்சு வறுத்தாலும் போகாது. கொழும்பு ஈரத்துக்குத் திறந்த சாக்கில கிடக்கிற கச்சான் கெதியாப் பழுதாகும், கோதோட வாங்கி உடைக்கிறது திறம்.

ஓட்ஸைத் தாச்சியில மெல்லிய நெருப்பில 8 நிமிசம், வாசம் வரும் வரை வறுங்கோ. நிறம் மாறத் தேவையில்லை, ஈரம் போனால் போதும். வறுக்காத ஓட்ஸ் பாகை உறிஞ்சிப் போட்டு அடுத்த நாள் களியாப் போயிடும். எள்ளைத் தனியாக, அது படபடக்கத் தொடங்கினவுடன இறக்குங்கோ. எல்லாத்தையும் சூடு ஆறாமல் ஒரு பெரிய பாத்திரத்தில கொட்டி வையுங்கோ. உலர்ந்த சாமான் குளிர்ந்து கிடந்தால் பாகு ஊத்தினவுடன கட்டியாகிக் கிளற ஏலாது.

பனங்கட்டியைத் தண்ணியில கரைச்சு வடிங்கோ, மண் இருக்கும். பிறகு எண்ணெயும் உப்பும் போட்டுக் காய்ச்சுங்கோ. பதம்தான் முழு விசயமும். ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணியில ஒரு துளி விட்டால் கரையாமல் அடியில போய் இருந்து, விரலால உருட்ட மெத்தென்ற உருண்டை வர வேணும். வெப்பமானி இருந்தால் 116 பாகை செல்சியஸ். உருண்டை வராமல் விரலில இழுபட்டால் பதம் காணாது, துண்டு வெட்டினாலும் உதிரும், கையில ஒட்டும். துளி தண்ணிக்குள்ள டக்கெண்டு உடைஞ்சால் கூடிப் போச்சு, கச்சான் அல்வா மாதிரிப் பல்லுக்கு வேலை வைக்கும். கூடிப் போனால் இரண்டு மேசைக்கரண்டி தண்ணி விட்டுத் திரும்பக் காய்ச்சிப் பதத்துக்குக் கொண்டுவரலாம்.

பதம் வந்தவுடன அடுப்பை நிப்பாட்டி, கச்சான் பட்டரைப் போட்டுக் கரைச்சு, உலர்ந்த சாமானில ஊத்தி ஒரு நிமிசத்துக்குள்ள கிளறி முடியுங்கோ. 20 சென்ரிமீற்றர் சதுரத் தட்டில ஒயில் பேப்பர் போட்டுக் கொட்டி, எண்ணெய் பூசின டம்ளர் அடியால நல்லா அமத்துங்கோ. மூலைகள்தான் உதிரும், அங்க இன்னும் ரெண்டு அழுத்து. 20 நிமிசத்தால, இளஞ்சூட்டில, பெரிய கத்தியால நேராக அமத்தி வெட்டுங்கோ. இழுத்து வெட்டினால் கச்சான் பிடுங்குப்படும். வெட்டினதைப் பிரிக்காமல் முழுசா ஆறவிட்டுப் பிறகு பிரியுங்கோ.

பனங்கட்டி காத்தில இருக்கிற ஈரத்தை இழுக்கும். துண்டு துண்டாக ஒயில் பேப்பரில சுத்தி இறுக்கமான டின்னில வைச்சால் வெளியில ஐந்து நாள், பிரிட்ஜில ரெண்டு கிழமை. மழை நாளில மேல் ஒட்டத் தொடங்கினால் பழுதில்லை, திரும்ப 150 பாகை ஒவனில 8 நிமிசம் வைச்சு ஆறவிட்டால் சரி.

ஒரு துண்டில ஓட்ஸ் 14 கிராம், கச்சானும் கச்சான் பட்டரும் சேர்த்து 13 கிராம், பனங்கட்டி 9 கிராம் வரும். மேல சொன்ன எல்லைக்குள்ள நிக்குது.

தெஹிவளை_மாடிவீடு பதில்:

செய்ய நேரமில்லாதவர்களுக்கு: எள்ளுருண்டை ஒன்று, பொரி ஒரு கோப்பை, சோளப் பொரி, அவலில் தேங்காய்ப்பூவும் சீனியும். எல்லாம் எங்கள் கடைகளிலேயே உண்டு. காலிமுகத்திடல் வண்டியில் கச்சான் எடுக்கலாம். அதே வண்டியில் இருக்கும் அவித்த கடலையும் மிக்சரும் வேண்டாம். மிக்சரில் கடலை மா, பருப்பு, உள்ளித் தூள் மூன்றும் சேர்ந்து வரும்.

காலிவீதி_06:

எல்லாருக்கும் மிக்க நன்றி. அக்கா, பிடித்துவிட்டீர்கள், பால்மாத் தேத்தண்ணிதான். இன்றிலிருந்து வெறும் தேத்தண்ணி. மூன்று விளக்கம் மட்டும் வேண்டும். இறக்குமதிப் பார்களில் இறக்குமதியாளரின் ஸ்டிக்கர் பொருட்பட்டியலுக்கு மேலேயே ஒட்டியிருந்தால் என்ன செய்வது? அவுஸ்திரேலியாவிலிருந்து வருகிறவர்கள் குறை-ஃபொட்மெப் முத்திரை உள்ள பார் கொண்டுவந்தால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாமா? நாலு கிழமை முடிந்ததும் பார் 1ஐ வைத்தே சோதித்துப் பார்க்கலாமா?

உணவுக்கணக்கு பதில்:

ஸ்டிக்கருக்கு: பொருட்பட்டியல் மறைந்தாலும் போஷாக்கு அட்டவணை தெரிந்தால் பாதி வேலை முடியும். 40 கிராம் பாரில் நார்ச்சத்து 4க்கு மேலா? வைத்துவிடுங்கள். பொலியோல் என்று தனி வரி இருக்கிறதா? வைத்துவிடுங்கள். மொத்த மாச்சத்து 25, சீனி 2 என்று இருந்து, ஓட்ஸோ அரிசியோ கண்ணுக்குத் தெரியாத மெத்தென்ற பார் என்றால் அந்த 23 கிராம் இடைவெளிக்குள் பொலியோலோ சேர்த்த நாரோதான் ஒளிந்திருக்கும். இரண்டும் தெரியாவிட்டால் வாங்க வேண்டாம். ஸ்டிக்கரில் "நார்ச்சத்து" என்று ஒரே சொல்லாகச் சுருக்கி எழுதியிருந்தாலும் அதே முடிவுதான்.

முத்திரைக்கு: மொனாஷ் முத்திரையும் ஃபொட்மெப் ஃபிரென்ட்லி முத்திரையும் சோதித்துப் பார்த்த பிறகு கொடுக்கப்படுபவை, நம்பலாம். ஆனால் அது லேபலில் எழுதிய ஒரு வேளை அளவுக்கு மட்டும். ஒன்றுக்குக் கொடுத்த முத்திரை ஒரே நேரத்தில் சாப்பிடும் இரண்டுக்குச் செல்லாது. பாருக்குப் பாரும், பாருக்கும் சாப்பாட்டுக்கும் இடையிலும் இரண்டு மூன்று மணித்தியாலம் விடுங்கள். அடுத்தடுத்து வந்தால் குறைவானவைகூடச் சேர்ந்து கூடிவிடும்.

மீள் அறிமுகத்துக்கு, அதாவது நிறுத்தியதை ஒவ்வொன்றாகத் திரும்பச் சாப்பிட்டுச் சோதிப்பதற்கு, பார் 1 ஆகாது. அதில் சிக்கரியின் ஃபிரக்டனும் தேனின் மேலதிக ஃபிரக்டோஸும் ஒன்றாக இருக்கின்றன. வயிறு ஊதினால் எது காரணம் என்று பிரிக்க முடியாது. ஒரு நேரத்தில் ஒரே வகை. ஃபிரக்டோஸுக்குத் தேன்: முதல் நாள் ஒரு தேக்கரண்டி, இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் ஒரு மேசைக்கரண்டி. பிறகு இரண்டு மூன்று நாள் இடைவெளி. லக்டோஸுக்குப் பால், கோதுமை ஃபிரக்டனுக்குப் பாண், அதே போல் படிப்படியாக. கஜுவைக் கடைசியில் வையுங்கள், அதிலும் இரண்டு வகை இருக்கிறது. சோதிக்கும் நாட்களில் மற்றச் சாப்பாடு இப்போதுள்ளபடியே இருக்க வேண்டும். அறிகுறி வந்த அன்றே அந்தச் சோதனையை நிறுத்திவிட்டு வயிறு அடங்கிய பிறகு அடுத்ததற்குப் போங்கள். தேன் தாங்கினால் தேன் போட்ட ஓட்ஸ் பார் உங்களுக்குத் திரும்பக் கிடைத்துவிடும்.

நாலிலிருந்து ஆறு கிழமையில் ஒரு மாற்றமும் இல்லை என்றால் கட்டுப்பாட்டை நீட்டாமல் ஆலோசகரிடம் திரும்பிப் போங்கள். ஃபொட்மெப் உங்கள் காரணமாக இல்லாமல் இருக்கலாம். இந்த நார்களை நீண்டகாலம் நிறுத்தி வைத்தால் குடலில் உள்ள நல்ல பக்டீரியாக்களுக்கும் சாப்பாடு குறையும்.

காலிவீதி_06:

விளங்கியது. பார் 4ஐ இரண்டாகச் சாப்பிடலாமா, 30 கிராம் போதாத நாட்களில்?

மருந்துச்சீட்டு பதில்:

ஒரே தடவையில் வேண்டாம் தங்கச்சி. இரண்டானால் கச்சானே 30 கிராம், கொழுப்பும் இரட்டிப்பாகும். கொழுப்பு கூடினாலும் குடல் கூடுதலாக இறுகும், அதற்கு ஃபொட்மெப் தேவையில்லை. பாரோடு ஒரு சிறிய தோடம்பழம், அல்லது டப்பாவில் ஒரு கோப்பை பப்பாசி. வாழைப்பழம் என்றால் சற்றுக் காயானது. தோல் புள்ளி விழுந்து பழுத்ததில் ஃபிரக்டன் ஏறிவிடும். இரண்டாவது பாரைப் பின்னேரம் 5 மணிக்கு, பஸ் ஏறுவதற்கு முன் எடுங்கள்.